சுண்டெலி முழங்காலுக்கென்று செய்யப்பட்ட ஏற்பிச் சுருள்: 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில் ஒரு மதிப்பீடு

மனிதரின் முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. சுண்டெலியின் முழங்காலில் அது ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரானுக்குள் அடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் மனித மூட்டைப் பார்க்கப் போதுமான அரை மில்லிமீட்டர் நுணுக்கத்தைச் சுண்டெலிக்குப் பயன்படுத்தினால் மூட்டு முழுவதும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்குள் முடிந்துபோகும். எனவே இத்துறையில் இறங்கும் ஆய்வகங்கள் முதலில் காந்தத்தின் வலிமையைத்தான் விசாரிக்கின்றன. அதற்கு அடுத்து மென்பொருளை. மூட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சமிக்ஞையை வாங்கும் சுருளைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, அதுவும் கருவியோடு வந்த சுருள்களில் எது பொருந்தும் என்ற அளவில் மட்டுமே. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை, நாங்கள் அளவு கொடுத்துச் செய்வித்துப் பயன்படுத்தி வரும் ஒரு முழங்கால் சுருளை முன்வைத்து இங்கே எழுதுகிறேன். செய்து கொடுத்தது ஒரு சிறிய பட்டறை. பேசுபொருள் வடிவமைப்பே என்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பொருள் இதுதான். டெஃப்லானில் கடைந்தெடுத்த ஒரு சிறிய தொட்டில். அதன் இரு சுவர்களிலும், மூட்டின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் எதிரெதிராக, 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு செப்பு வளையங்கள். சுவர்களின் வளைவுக்கேற்ப வளையங்களும் சற்றே வளைந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மூட்டு அமரும் இடைவெளி 7 மில்லிமீட்டர். இரு வளையங்களும் தொடராக இணைக்கப்பட்டு ஒரே தடமாக வெளியே வருகின்றன. ரேடியோ அலைத் துடிப்பை அனுப்பும் வேலையை எங்கள் கருவியின் 72 மில்லிமீட்டர் கூண்டு வடிவச் சுருள் செய்கிறது. இந்தச் சுருள் வாங்குவதற்கு மட்டுமே. அனுப்பும் நேரத்தில் இதைச் செயலிழக்க வைக்க ஒரு பின் (PIN) டையோடு சுற்று, சரியான அதிர்வெண்ணுக்கு இசைவிப்பதற்கும் 50 ஓமுக்குப் பொருத்துவதற்கும் இரண்டு மாறுமின்தேக்கிகள், பாதத்தைக் கட்டி வைக்க ஒரு சிறிய பலகை ஆகியவையும் உடன் வருகின்றன.

இவ்வளவு சிறியதாக ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு விடை 1976 இலேயே கிடைத்துவிட்டது. ஹவுல்ட், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒரு சுருளில் ஓரலகு மின்னோட்டம் பாய்ந்தால் மாதிரியில் எவ்வளவு காந்தப்புலம் உண்டாகுமோ அந்த அளவுக்குத்தான் மாதிரியிலிருந்து அந்தச் சுருள் சமிக்ஞையை வாங்கும் என்று நிறுவினார்கள். இந்த இருவழி உறவைக் கையில் வைத்துக்கொண்டால், ஒரு வளையத்தின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். இரைச்சல் பெரும்பாலும் சுருளின் சொந்தத் தடையிலிருந்து வருவதாகவும், அந்தத் தடை வளையத்தின் சுற்றளவுக்கு ஏற்ப வளர்வதாகவும் கொண்டால், நாம் பார்க்க விரும்பும் இடத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு ஆரம் இருப்பதே மிக உகந்தது. இரைச்சல் மாதிரியின் உடலிலிருந்து வருமானால் உகந்த ஆரம் இன்னும் சுருங்கி, ஆழத்தை 5 இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு வந்துவிடும். சுண்டெலி முழங்காலின் நடுப்பகுதி தோலிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே 4 மில்லிமீட்டர் ஆரம் என்பது பட்டறைக்காரரின் ஊகம் அல்ல, கணக்கிலிருந்து வந்தது.

மூளைக்கென்று செய்யப்பட்ட பெரிய வளையத்தை முழங்காலுக்குப் பயன்படுத்தினால் எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் அதே கணக்கு சொல்லும். 4 மில்லிமீட்டர் ஆர வளையம் மூட்டின் நடுவிலிருந்து 3.5 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதையும், 8 மில்லிமீட்டர் ஆர வளையம் அதன் உறையின் தடிமனால் 5 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதையும் ஒப்பிட்டால், பின்னதில் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் பாதியாகிவிடுகிறது. பாதி என்பது கேட்பதற்குச் சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஆனால் மறுபடி மறுபடி எடுத்துச் சராசரி காண்பதன் மூலம் அந்த இழப்பை ஈடுகட்ட நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய படத்துக்கு நான்கு மணி நேரம் ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் ஒரு சுண்டெலியை வைத்திருப்பது ஆய்வுக்கும் நல்லதல்ல, அந்த உயிருக்கும் நல்லதல்ல. சுருளின் ஆரத்தைச் சரியாகத் தேர்வு செய்வது விலங்கின் நலன் சார்ந்த முடிவும்கூட என்பதை நான் ஒவ்வொரு முறையும் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

அளவைவிட முக்கியமான இன்னொன்று திசை. இந்தச் சுருளில் நான் மிகவும் மதிப்பதும் அதைத்தான். ஏற்பிச் சுருளின் புலம் முதன்மைக் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இருந்தால்தான் சமிக்ஞை கிடைக்கும். இணையாக இருந்தால் எதுவும் கிடைக்காது. கிடைமட்டக் காந்தத்தில் முதன்மைப் புலம் குழாயின் நீளவாக்கில் ஓடுகிறது. சுண்டெலியும் அதே திசையில் நீளமாகப் படுக்கிறது. அதன் கால் நீட்டப்பட்டால் அதுவும் அதே திசைதான். முழங்காலைச் சுற்றிக் கம்பியைச் சுற்றி ஒரு வரிச்சுருள் செய்துவிடலாம் என்று தோன்றும். வரிச்சுருள் சேண வடிவச் சுருளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு திறமையானது என்பதும் அந்த 1976 கட்டுரையிலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் நீட்டிய காலைச் சுற்றிய வரிச்சுருளின் புலம் காலின் நீளவாக்கில், அதாவது முதன்மைப் புலத்துக்கு இணையாக அமைந்துவிடும். அப்படிச் செய்த சுருள் மேசையில் நெட்வொர்க் அனலைசரில் (சுற்றின் இசைவை அளக்கும் கருவி) அழகாக இசையும். காந்தத்துக்குள் போனால் வெறும் இரைச்சலைத் தரும். வெட்டியெடுத்த மூட்டை மட்டும் படமெடுப்பவர்கள் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்து வரிச்சுருளின் முழுப் பயனையும் பெறலாம். அவர்களுக்கு இந்தச் சுருள் தேவையில்லை. உயிருள்ள விலங்கை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களுக்கு அந்த வசதி கிடையாது. இரு பக்கமும் எதிரெதிர் வளையங்களை வைத்து, புலம் மூட்டின் குறுக்காக உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடும்படி செய்திருப்பது இந்தச் சிக்கலுக்கு நேர்மையான தீர்வு. ஒற்றை வளையமாக இருந்திருந்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் தெரியும். உள்பக்க மெனிஸ்கஸை (மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவத் திண்டு) பிணைக்கும் தசைநாரை வெட்டி மூட்டுத் தேய்வை உண்டாக்கும் ஆய்வு முறையில் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட வேண்டியிருப்பதால் அது பெரிய குறையாகியிருக்கும். இரட்டை வளையத்தில் நடுவில் சமிக்ஞை இரண்டு மடங்காகவும் இரைச்சல் 2 இன் வர்க்கமூல மடங்காகவும் கூடுகின்றன. ஆகவே நடுப்பகுதியில் நிகர ஆதாயம் ஏறத்தாழ 40 விழுக்காடு.

முன்பக்கத்தில், முழங்கால் சில்லுக்கு மேலே, மூன்றாவதாக ஒரு வளையத்தைச் செங்குத்தாக வைத்து கால்கட்ட முறையில் (90 பாகைக் கட்ட வேறுபாட்டோடு) இணைத்துத் தரவும் பட்டறை முன்வந்தது. கொள்கையளவில் அது இன்னொரு 40 விழுக்காடு வரை தரக்கூடும். ஆனால் மூட்டை உள்ளே அமர்த்துவதற்குக் கிடைக்கும் ஒரே திறந்த வழி அந்த முன்பக்கம்தான். அதை அடைத்துவிட்டால் மூட்டின் மடிப்புக் கோணத்தைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது. வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

இனி மின்சுற்றுக்கு வருவோம். 8 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் கம்பியால் ஆன ஒற்றை வளையத்தின் மின்தூண்டல் ஏறத்தாழ 11 நானோஹென்றி. 7 டெஸ்லாவில் புரோட்டான்கள் அதிரும் ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸில் அது ஒத்ததிர ஏறத்தாழ 26 பிகோஃபாரட் மின்தேக்கம் வேண்டும். அந்த அதிர்வெண்ணில் செம்பில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து 4 மைக்ரானுக்கும் குறைவான ஆழத்திலேயே ஓடுவதால், கம்பியின் உட்பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனில்லை. மேற்பரப்பு வழவழப்பாகவும் கறுக்காமலும் இருப்பதுதான் பயன். கணக்கிட்டால் வளையத்தின் தடை ஒரு ஓமில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில்தான் வருகிறது. ஆனால் அதோடு இணையும் பீங்கான் மின்தேக்கிக்கும் ஒரு உள்தடை உண்டு. நல்ல ரகமாக இருந்தாலும் அது கம்பியின் தடைக்கு நிகராகவோ அதிகமாகவோ இருக்கும். பற்றவைப்பு மோசமாக இருந்தால் அதுவும் அதே வரிசையில் வந்து சேரும். பெரிய சுருள்களில் விலங்கின் உடலே பெருமளவு இரைச்சலைத் தருவதால் இத்தகைய சிறு தடைகள் மறைந்துபோகும். இவ்வளவு சிறிய சுருளில் அவை ஒவ்வொன்றும் படத்தில் தெரியும். ஆகவே சுருள் வந்தவுடன் நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து முதலில் பார்த்தது பற்றவைப்புகளைத்தான். மின்தேக்கியின் இரு முனைகளிலும் ஈயம் முழு அகலத்துக்கும் படர்ந்து, கம்பியின் இரு பக்கமும் ஏறி, குமிழாகத் திரளாமல் படிந்திருந்தது. இவ்வளவு சிறிய இடத்தில் இப்படிப் பற்றவைப்பது எளிதல்ல. செய்தவர் கைதேர்ந்தவர்.

சுருள் வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய எண் ஒன்று உண்டு: வெறுமையாக இருக்கும்போது கியூ மதிப்பு (ஒத்ததிர்வின் கூர்மை; தடை குறைந்தால் இது கூடும்) எவ்வளவு, மூட்டை வைத்தபின் எவ்வளவு. எடுத்துக்காட்டாக அது 200 இலிருந்து 180 ஆகக் குறைந்தால், மொத்தத் தடையில் பத்தில் ஒன்பது பங்கு சுருளுடையது, ஒரு பங்குதான் விலங்குடையது என்று பொருள். மனித உடலுக்கான சுருள்களில் கியூ பெரிதும் விழுவதே நல்ல அறிகுறி. ஏனெனில் அங்கே சுருளின் சொந்த இரைச்சல் மிகக் குறைவு என்பதை அது காட்டுகிறது. சுண்டெலி முழங்காலில் அப்படி விழாது. இந்தச் சுருளிலும் மூட்டை வைத்தபின் கியூ மிகச் சிறிதே குறைகிறது. இதைப் பார்த்துச் சுருள் சரியாகப் பிணைந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கே விலங்கைவிடச் செம்பும் மின்தேக்கியுமே இரைச்சலின் மூலம் என்பதைத்தான் அது தெரிவிக்கிறது. அதனாலேயே வெறுமை நிலைக் கியூவை உயர்த்தும் ஒவ்வொரு சிறு கவனமும் இங்கே நேரடியாகப் பலன் தருகிறது.

முன்பெருக்கிக்குச் செல்லும் கம்பிவடத்தின் நீளத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். முன்பெருக்கிக்கு முன்னால் வடத்தில் 1 டெசிபெல் இழந்தாலே சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் போய்விடும். பட்டறை கொடுத்த வடம் மெல்லியது, தேவையைவிட நீளமானது. அதைக் குறைத்துத் தரச் சொன்னோம்; செய்து கொடுத்தார்கள். 300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் வெற்றிடத்தில் 1 மீட்டர். வடத்துக்குள் இன்னும் குறைவு. ஆகவே குழாய்க்குள் கிடக்கும் வடத்தின் வெளியுறை ஓர் ஆண்டெனாவைப் போல அனுப்புச் சுருளின் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும் அபாயம் உண்டு. அது படத்தையும் கெடுக்கும், வடம் தொட்டுக்கொண்டிருக்கும் காலையும் சுடும். இதைத் தடுக்க வடத்தில் ஒரு பொறிச்சுற்று வைத்திருக்கிறார்கள். இரண்டு இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று சுருளை ஒட்டியும், மற்றொன்று குழாயின் வாயருகிலும்.

அனுப்பும்போது சுருள் முழுமையாகச் செயலிழக்கிறதா என்பதைச் சோதிப்பது எளிது. ஒரு ஃபேன்டத்தை (விலங்குக்குப் பதிலாக வைக்கும் சோதனை மாதிரி) வைத்து, சுருள் இல்லாமல் புரோட்டான்களின் காந்தமாக்கத்தை 90 பாகை திருப்ப எவ்வளவு ஆற்றல் வேண்டியிருக்கிறது என்று பார்த்து, பிறகு சுருளை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின் டையோடு தன் வேலையைச் செய்கிறது. இந்தச் சுருளில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. திருப்பக் கோண வரைபடத்திலும் வளையங்களின் நிழல் விழவில்லை. டி2 (திசுவின் சமிக்ஞை மங்கும் காலம்) அளவீடு செய்பவர்களுக்கு இது கட்டாயம். மறுகுவியத் துடிப்பின் கோணம் இடத்துக்கு இடம் மாறினால், குருத்தெலும்பின் தன்மை மாறுகிறதா, சுருளின் குறுக்கீடு மாறுகிறதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

குறை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் வந்த சுருளில், சாய்வு எதிரொலிப் படங்களில் (காந்தப்புலச் சீர்குலைவை அப்படியே காட்டும் பட முறை) மூட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு கரிய வெட்டு தெரிந்தது. எதிரொலி நேரத்தை (துடிப்புக்கும் சமிக்ஞையை வாங்குவதற்கும் இடையிலான நேரம்) கூட்டக் கூட்ட அது பெரிதானது. அந்தச் சீர்குலைவை ஈடுசெய்யும் சுழல் எதிரொலிப் படத்தில் ஏறக்குறைய மறைந்தது. ஃபேன்டத்தைத் திருப்பி வைத்தபோதும் வெட்டு அதே இடத்தில் சுருளோடு ஒட்டியே நின்றது. ஆகவே அது மாதிரியினுடையதல்ல. மின்தேக்கிகளில் ஒன்றின் முனைப்பூச்சுக்கு அடியில் நிக்கல் அடுக்கு இருந்ததே காரணம். மின்னணுச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பீங்கான் மின்தேக்கிகளில் பெரும்பாலானவற்றில் இந்த அடுக்கு உண்டு. காந்தத்தன்மையற்ற முனைகள் கொண்ட ரகத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பற்றவைக்கும் முன் ஒவ்வோர் உறுப்பையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு அருகில் நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனால் அது அசைகிறதா என்று பார்த்துவிடலாம். இத்தனைக்கும் சில நொடிகள்தான் ஆகும். பட்டறை மறுப்புச் சொல்லாமல் அந்த உறுப்பை மாற்றிக் கொடுத்தது. மாற்றிய பின் வெட்டு இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. சுருள் செய்வதாகச் சொல்லும் எவரும் இந்தச் சோதனையை வாங்குபவரிடம் விட்டுவிடக் கூடாது.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக, மூட்டில் காந்தப்புலச் சீர்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குருத்தெலும்புக்கு நேர் கீழே மெல்லிய எலும்புத் தகடும் அதற்குக் கீழே கொழுப்பு நிறைந்த மஜ்ஜையும் இருக்கின்றன. கொழுப்பின் புரோட்டான்கள் நீரின் புரோட்டான்களைவிட மில்லியனில் 3.5 பங்கு விலகி அதிர்கின்றன. 7 டெஸ்லாவில் அது ஏறத்தாழ 1040 ஹெர்ட்ஸ். 256 புள்ளிகளுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலம் வைத்துப் படமெடுத்தால் ஒரு புள்ளிக்கு 195 ஹெர்ட்ஸ் வருகிறது. அதாவது மஜ்ஜையின் கொழுப்பு தன் இடத்திலிருந்து ஐந்து புள்ளிகளுக்கும் மேல் நகர்ந்து தெரியும். புள்ளி 50 மைக்ரான் என்றால் நகர்வு கால் மில்லிமீட்டருக்கும் அதிகம். குருத்தெலும்பின் மொத்தத் தடிமனே அதில் பாதிகூட இல்லை! மஜ்ஜை நகர்ந்து வந்து குருத்தெலும்பின்மேல் படிந்துவிட்ட படத்தை வைத்துக்கொண்டு தடிமன் அளப்பதில் பொருளே இல்லை. இதிலிருந்து மீள இரண்டு வழிகள் உள்ளன. பட்டை அகலத்தைக் கூட்டலாம். இரட்டித்தால் இரைச்சல் 40 விழுக்காடு கூடும், அந்த விலையைக் கட்டச் சுருளிடம் கையிருப்பு வேண்டும். அல்லது கொழுப்பை அடக்கும் துடிப்பைப் பயன்படுத்தலாம்; அதற்கு மூட்டு முழுவதும் புலம் சீராக இருக்க வேண்டும், அதை ஒரு துளி நிக்கல் கெடுத்துவிடும். எந்த வழியில் போனாலும் பேச்சு சுருளில்தான் வந்து நிற்கிறது.

டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அதில் ஹைட்ரஜன் இல்லை. ஆகவே அதிலிருந்து சமிக்ஞை வராது. கண்ணாடியிழை மின்சுற்றுப் பலகையும் எப்பாக்சிப் பசையும் வழக்கமான படங்களில் கண்ணுக்குத் தெரியாது என்றாலும், மிகக் குறுகிய எதிரொலி நேரத்தில் எடுக்கும் படங்களில் ஒளிரத் தொடங்கும். கால்சியம் படிந்த குருத்தெலும்பையும் மெனிஸ்கஸையும் பார்க்க அத்தகைய படங்களே தேவைப்படுவதால் இது வெறும் கொள்கைக் கவலை அல்ல. இந்தச் சுருளிலும் பின் டையோடு இருக்கும் சிறு பலகை கண்ணாடியிழைதான். ஆனால் அதை மூட்டிலிருந்து தள்ளி, வளையங்களின் உணர்புலத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள்.

படங்களுக்கு வருகிறேன். எங்கள் ஆய்வில் முப்பரிமாணச் சாய்வு எதிரொலியில், எல்லாத் திசையிலும் 50 மைக்ரான் அளவில், உயிருள்ள விலங்கில், ஒரே மயக்க அமர்வுக்குள் பயன்படுத்தத்தக்க படம் கிடைக்கிறது. 100 மைக்ரானிலிருந்து 50 மைக்ரானுக்கு இறங்கும்போது ஒவ்வொரு வாக்ஸலின் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) கொள்ளளவும் எட்டில் ஒரு பங்காகிறது; பட்டை அகலம் முதலியவற்றை மாற்றாமல் அதே விகிதத்தைச் சராசரி மூலம் மீட்க வேண்டுமானால் 64 மடங்கு நேரம் வேண்டும். மூளைச் சுருளை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. இப்போது இரு மெனிஸ்கஸ்களின் முனைகளும் கரிய முக்கோணங்களாகத் தனித்துத் தெரிகின்றன; சிலுவைத் தசைநார்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடரக்கூடியவையாக இருக்கின்றன; வளர்ச்சித் தட்டின் அலையலையான கோடு தெளிவாக இருக்கிறது; அறுவை செய்த மூட்டில் நீர் கோத்திருப்பதும், ஓரத்தில் எலும்பு முனைப்புகள் முளைப்பதும் தெரிகின்றன.

ஆனாலும் குருத்தெலும்பின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்லும் அளவுக்கு இந்தப் படங்களை நான் நம்பமாட்டேன். 50 மைக்ரான் வாக்ஸலில் சுண்டெலிக் குருத்தெலும்பு ஒன்று அல்லது இரண்டு வாக்ஸல்தான். எலும்பும் மூட்டுநீரும் அதே வாக்ஸலுக்குள் கலந்துவிடும்போது எல்லைக்கோடு எங்கே என்பதைச் சுருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சொல்ல முடியாது. தடிமன்தான் கேள்வி என்றால் பெரிய ஆய்வக எலிக்கோ முயலுக்கோ கினிப் பன்றிக்கோ போவது நேர்மையான வழி. அதே வடிவத்தைப் பெரிதாக்கிச் செய்து தர முடியும். அளவு கூடும்போது உகந்த ஆரமும் இசைவுக் கணக்கும் மாறும், மாதிரியின் இரைச்சலும் மெல்லத் தலைகாட்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

மடிப்புக் கோணத்தைப் பற்றியும் ஒரு சொல். குருத்தெலும்பின் கொல்லாஜன் நார்கள் முதன்மைப் புலத்தோடு 54.7 பாகைக் கோணத்தில் அமையும்போது டி2 நீண்டு, அந்த இடம் நோயுற்றது போல ஒளிரும். எனவே முதல் வாரத்தில் ஒரு கோணத்திலும் எட்டாம் வாரத்தில் வேறொரு கோணத்திலும் மூட்டை வைத்தால், மாற்றம் நோயினாலா கோணத்தினாலா என்று தெரியாது. இந்தத் தொட்டிலின் பாதப் பலகையில் கோணக் குறியீடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பாதத்தை நாடாவால் கட்டி அதே குறியில் வைத்தால் மூட்டு ஏறத்தாழ அதே நிலைக்குத் திரும்புகிறது. சுருளின் விலைப்பட்டியலில் ஒரு வரியாகக்கூட வராத இந்தப் பலகை, தொடர் ஆய்வுகளில் சுருளுக்கு நிகரான மதிப்புடையது.

குளிரூட்டிய சுருள்களோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரையை முடிக்க முடியாது. சுருளின் சொந்தத் தடையே இரைச்சலுக்கு முதன்மைக் காரணம் என்னும்போது அதைக் குளிர்விப்பதே இயல்பான வழி. புருக்கர் நிறுவனத்தின் கிரையோபுரோப் சுண்டெலி மூளைக்கு 9.4 டெஸ்லாவில் அறை வெப்பச் சுருளைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு விகிதத்தைத் தருவதாக வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. உயர்வெப்ப மீக்கடத்திச் சுருள் ஒன்று நுண்படிமத்துக்குப் பயன்படும் என்பது 1993 இலேயே காட்டப்பட்டுவிட்டது. மூளை ஆய்வகங்களுக்கு அந்த முதலீடு தகும். மூட்டுக்கு நான் தயங்குகிறேன். குளிர்ந்த உலோகத்துக்கும் வெதுவெதுப்பான தோலுக்கும் நடுவே வெற்றிட இடைவெளியும் பீங்கான் உறையும் இருந்தாக வேண்டும். அதன் வளைவும் தலையின் வடிவத்துக்கானது. 3 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மூட்டுக்கு அந்தக் கூடுதல் தூரம், மேலே சொன்ன கணக்கின்படி, ஆதாயத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். கிரையோபுரோப் ஏற்கெனவே இருக்கும் ஆய்வகம் தாராளமாக முழங்காலை அதில் வைத்துப் பார்க்கலாம். மூட்டுக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம்.

மூளைக்கென்று செய்யப்பட்ட நான்கு தட அணிகளோடு (தனித்தனித் தடங்களில் வாங்கும் நான்கு சிறு சுருள்களின் தொகுதி) ஒப்பிட விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரோமரும் உடன் ஆய்வாளர்களும் 1990 இல் அறிமுகப்படுத்திய அணி முறை பெரிய பரப்பைச் சிறிய சுருள்களின் திறனோடு பார்க்க உதவுவது. மூட்டைப் போன்ற சிறிய இலக்கில் அந்தப் பயன் கிடைப்பதில்லை. மேலும், தடங்களை வர்க்கக் கூட்டலாக இணைக்கும்போது படத்தின் வெறுவெளியில் தெரியும் இரைச்சலின் பரவலே மாறிவிடும். ஆகவே ஒற்றைத் தடப் படத்தையும் நான்கு தடப் படத்தையும் வெறுவெளியின் கருமையை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரே படத்தை அடுத்தடுத்து இரண்டு முறை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மூட்டுப் பகுதிக்குள்ளேயே திட்டவிலக்கத்தைக் கண்டு அதை 2 இன் வர்க்கமூலத்தால் வகுத்து இரைச்சலைப் பெறுவதே நியாயமான முறை. ஃபேன்டமாக வெறும் நீரை வைக்காமல் 0.9 விழுக்காடு உப்புநீரை வைப்பதும் அவசியம். நாங்கள் அப்படித்தான் ஒப்பிட்டோம். மூட்டின் நடுப்பகுதியில் இந்தச் சுருள் மூளை அணியைத் தெளிவாக வென்றது.

மற்றவை சுருக்கமாக. விலை நான்கு தட அணியின் விலையில் சிறு பங்குதான். செய்து தரும் காலம் நீண்டது. ஆய்வுத் திட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு முழங்காலைத்தான் பார்க்க முடியும். மறுகாலை ஒப்புக்கு எடுக்க வேண்டுமானால் விலங்கை வெளியே எடுத்து மறுபடி அமர்த்த வேண்டியிருக்கிறது, மயக்க நேரமும் அதற்கேற்பக் கூடுகிறது. இடமும் வலமும் சேர்ந்த இரட்டைத் தொட்டிலைப் பட்டறை இன்னும் செய்ததில்லை; இரு இணைகளுக்கும் இடையே தூரம் போதுமானது என்பதால் பிணைப்பை அடக்குவது கடினமாக இராது என்று நினைக்கிறேன், அதைக் கேட்டிருக்கிறேன். மாறுமின்தேக்கிகளின் திருகுகள் நாளடைவில் தளர்கின்றன. காந்தத்தின் வெளியிலிருந்தே திருப்ப உதவும் நீண்ட பிளாஸ்டிக் கோல் சில வேளை திருகின் வெட்டிலிருந்து வழுக்கிவிடுகிறது. அதன் முனையை ஆழமாக்கித் தர வேண்டும். வாங்குபவர்கள் அதே ரகத்தில் இரண்டு மாறுமின்தேக்கிகளையும் ஒரு பின் டையோடையும் உதிரியாகச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வேறு ரகத்தை அவசரத்துக்குப் பற்றவைத்தால் நிக்கல் பிரச்சினை மறுபடி உள்ளே வந்துவிடும்.